சான்றிதழ் உள்ள நாய்

லெஸ்டரின் பெயரை இன்னும் கூப்பிடவில்லை. அவருக்குப் பிறகு வந்த ஹார்லன் என்ன செய்தார்? தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார், பெயர்கூடக் கொடுக்காமல் நேராக உள்ளே போனார், டோரீன் நிற்கிற வரவேற்பு மேசையை ஒட்டிய சோபா இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். கூடவே ஒரு கறுப்பு நாய். அது மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"பாத்தியா கஸ்?" என்றார் லெஸ்டர், மது ஊற்றுகிறவனிடம். "நான் எப்ப வந்தேன்? அவன் இப்பதான் வர்றான்."

"குடிங்கண்ணே, ஆறிடப்போவுது."

"இது ஐஸ் போட்ட பிராந்திடா."

"அப்ப ஐஸ் கரைஞ்சிடப்போவுது."

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் மீன் வறுவல். அந்த ஏரிக்கரை விடுதிக்கு ஊரே திரண்டு வரும். வருகிறவர்கள் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சுத் துண்டை நசுக்கிப் போட்ட பிராந்தியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்க வேண்டும். டோரீன் கூப்பிட்டால்தான் மேசை. மேயரானாலும் பாதிரியாரானாலும் இதே கதைதான். நாயோடு வந்த ஹார்லனுக்கு மட்டும் இந்த விதி இல்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். லெஸ்டரால் பொறுக்க முடியாதது வேறு. தட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் டோரீன் அந்த மேசைக்குப் போனாள். குனிந்தாள். நாயின் காதைத் தடவி ஏதோ சொன்னாள். ஹார்லன் பதிலுக்கு ஏதோ சொல்ல, சிரித்தாள். ஹார்லனுக்கு இந்த வயதிலும் தலை நிறைய முடி வேறு.

கோடையில் டோரீன் இந்த விடுதிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து லெஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமையையும் விட்டதில்லை. மனைவி போன பிறகு அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்ததே அப்போதுதான். தன்னோடு ஒரு நாள் வெளியே வரும்படி அவளைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஒவ்வொரு வாரமும் கேட்பதற்காகவே வருவார். "உப்பு கொஞ்சம் தர்றீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்.

"விடுதிக்குள்ள நாய் எப்படிடா வரலாம்?" என்றார் கஸ்ஸிடம்.

"அது உதவி நாய்ண்ணே. உடம்பு முடியாதவங்களுக்குத் துணையாப் பழக்குன நாய். அதை எங்கயும் தடுக்கக் கூடாது, சட்டம்."

"ஹார்லனுக்கு என்ன முடியல?"

கஸ் கண்ணாடிக் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கோப்பை. "அந்த விஷயமா நான் வாயைத் திறக்கிறதா இல்லண்ணே."

லெஸ்டருக்கு மூக்கு விடைத்தது. அவர் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனியில், பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கிற பிரிவில். பனியில் வழுக்கி இடுப்பு போய்விட்டது என்று பணம் கேட்ட ஒருத்தன் அதே மாதம் பவுலிங் போட்டியில் கோப்பை வாங்கியதைத் துப்பறிந்து, அந்தக் கோப்பையையே படம் பிடித்து வந்தவர் அவர். பிராந்தியைக் கீழே வைத்துவிட்டு ஹார்லனின் மேசைக்குப் போனார்.

"உடம்புக்கு என்னடா உனக்கு?"

"எனக்கா?" ஹார்லன் வறுத்த மீனில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். "குதிரை மாதிரி இருக்கேன். ஏன் கேக்கிற?"

"அப்ப இந்த நாய் எதுக்கு?"

"அது வேலையில இருக்கு. தொடாத."

"என்ன வேலை? படுத்துக் கெடக்குது."

"பாத்துக்கிட்டிருக்கு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தது. டோரீனைத்தான். அவள் சமையலறைப் பக்கம் போனால் அதன் தலை அந்தப் பக்கம் திரும்பியது, ஜன்னல் பக்கம் போனால் இந்தப் பக்கம். லெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எசமானன் வழிவது போதாதென்று நாயும் அல்லவா வழிகிறது!

"சிவப்புக் கோட்டு எங்க? கழுத்துல அட்டை எங்க? சர்டிஃபிகேட் எங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா," என்று ஹார்லன் மீனை வாயில் போட்டுக்கொண்டார்.

வாக்குமூலமே கிடைத்துவிட்டது. இதைவிடச் சின்ன வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு லெஸ்டர் பெரிய பெரிய ஆட்களைக் கவிழ்த்திருக்கிறார். நேராக டோரீனிடம் போனார்.

"டோரீன், மத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியறதைவிட நானே சொல்லிடறேன். அந்த நாய் போலி."

மெனு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "எந்த நாய்?"

"ஹார்லன் நாய்தான். ஒரு காயிதமும் இல்ல. உடம்பு குதிரை மாதிரி இருக்காம், அவனே சொல்றான்."

"காயிதம் வேணும்னு சட்டத்துல இல்ல லெஸ்டர்."

"காயிதம் இல்லாம ஒரு உண்மை இருக்குமா? நானும் எவ்வளவோ கேஸ் பாத்துட்டேன். உண்மையானவன் கை நிறையக் காயிதத்தோட வருவான்."

"உங்க டேபிள் ரெடி," என்றாள் டோரீன். பிராந்தியில் கரைந்த ஐஸ் அவள் குரலில் கரையாமல் இருந்தது.

அன்று அவருக்குக் கிடைத்த மேசை ஆண்கள் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். அவர் உப்புக் கேட்பதற்குக்கூட அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தார். யோசித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம், வயிறெரிந்தார் என்பதே சரி. ஹார்லனிடம் இருப்பது என்ன, தன்னிடம் இல்லாதது என்ன? முடி. அதற்கு இனி வழியில்லை. நாய். அதற்கு வழி உண்டு. காகிதமே இல்லாத நாய்க்கு இவ்வளவு உபசாரம் என்றால், முறையாகக் காகிதம் உள்ள நாயோடு போனால் என்ன ஆகும்? ஹார்லனின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். தூக்கம் நன்றாக வந்தது.

இணையத்தில் தேடியதில் அப்படிப்பட்ட காகிதம் கடைச்சரக்காகக் கிடைத்தது. நாயின் பெயர் கேட்டார்கள். படம் கேட்டார்கள். கார்டு எண் கேட்டார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. நாய்க்கு என்ன தெரியும் என்றும் கேட்கவில்லை. நாய் இருக்கிறதா என்றே கேட்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அவரிடம் நாய் இல்லை. அக்கா ஆர்லீன் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அவள் நாய் ஃபிரிட்ஸ் நட்சத்திரத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. தொப்பிக்குக் கீழே இருந்த பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினார்.

பொட்டலம் வந்தது. கழுகுப் படம் போட்ட சான்றிதழ், தங்கக் காகிதத்தில் முத்திரை, கழுத்தில் மாட்டுகிற அட்டை, சிவப்புக் கோட்டு. எங்கே பார்த்தாலும் 'தேசிய' என்று போட்டிருந்தது. அவர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒரு காகிதம் மேசைக்கு வந்திருந்தால் காபி ஆறுவதற்குள் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். பொறாமை கண்ணை மறைத்தது. முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கெட்டி," என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஸைக் கொஞ்சம் குடு."

"எதுக்குடா?"

"அவனுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு."

"ஃபிரிட்ஸுக்கா? நான் பெத்தது ரெண்டுக்கும் இன்னும் கிடைக்கலையேடா!"

"காமெடி பண்ணாதக்கா. சாயந்தரம் கூட்டிட்டுப் போயிட்டு நைட்டே விட்டுடறேன்."

"கூட்டிட்டுப் போ. ஆனா ஈரல் வாசனை பட்ட இடத்துக்குக் கொண்டுபோகாத. அப்புறம் அவன் என் புள்ள இல்ல, யாரோ."

லெஸ்டர் கடைசியில் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "டோரீன், இவன் என் உதவி நாய்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஸ் டாக்ஸ்ஹண்ட் ஜாதி. நீளத்துக்குக் குறைவில்லை, காலைத்தான் ஆண்டவன் கஞ்சத்தனமாகக் கொடுத்திருந்தார். லெஸ்டரோ எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய அளவுக் கோட்டாக வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை விடுதிக் கதவைத் திறந்தபோது உள்ளே வந்தது ஒரு சிவப்புக் கோட்டு. அதற்குள் எங்கேயோ ஒரு நாய் இருந்தது.

லெஸ்டர் மதுக்கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயரும் கொடுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். பக்கத்து இருக்கையில் ஹார்லன். மேசைக்கு அடியில் கறுப்பு நாய்.

"வணக்கம் டோரீன். எனக்கும் எங்க ஆளுக்கும் ஒரு இடம். ஹார்லன் டேபிளுக்குப் பக்கத்துலயே இருந்தா நல்லது."

டோரீன் கீழே பார்த்தாள். கோட்டிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்து அவள் செருப்பை மோந்தது.

"சட்டப்படி ரெண்டு கேள்விதான் நான் கேக்கலாம் லெஸ்டர்," என்றாள் மெதுவாக. "இது உங்க உடம்புக் குறைக்குத் தேவைப்படுற உதவி நாயா?"

"ஆமா."

"என்ன வேலைக்குப் பழக்கியிருக்கு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்த கேள்விக்கான பதில் அவர் கையில் இருந்தது. அதை விரித்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க. தேசியச் சான்றிதழ். முத்திரையைத் தொட்டுப் பாருங்க."

டோரீன் வாங்கவில்லை. "இந்த மாதிரி ஒரு சான்றிதழை இந்த நாட்டுல எந்த அரசாங்கமும் குடுக்கிறதில்ல லெஸ்டர். நிஜ நாய் வச்சிருக்கவங்ககிட்ட இது இருக்காது. யாராவது இதைத் தூக்கிக் காட்டினா அப்பவே தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"போலின்னு."

மதுக்கூடத்தில் நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் பிராந்தியோடு இரண்டடி முன்னால் வந்து நின்றார், நன்றாகக் கேட்பதற்காக.

அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போயிருந்தால் லெஸ்டர் தப்பித்திருப்பார். ஆனால் ஹார்லன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிறைய முடியோடு.

"எனக்கு மனசு சரியில்ல," என்றார் லெஸ்டர். "இவன் கூட இருந்தா ஆறுதல்."

"சும்மா கூட இருந்து ஆறுதல் தர்றது பத்தாது. பழக்கின வேலை ஒண்ணு இருக்கணும்."

"இருக்கு. எனக்கு முழங்கால் போயிடுச்சு. நான் விழுந்தா தூக்கிவிடுவான்."

விடுதி முழுவதும் குனிந்து ஃபிரிட்ஸைப் பார்த்தது.

"முதல்ல அதை யாராவது தூக்குங்கப்பா, மூஞ்சி தெரியல," என்றார் முன்னால் வந்து நின்றவர்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பரிசாரகப் பெண் அந்த வழியாக வந்தாள். கையில் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க வைக்கிற வழக்கமான தட்டு. அதில் முள்ளங்கி, செலரித் தண்டு, பிஸ்கட், நடுவில் ஒரு கிண்ணம் ஈரல் விழுது.

கோட்டு பறந்தது. உண்மையாகவே பறந்தது, ஃபிரிட்ஸ் அதை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்விட்டான். அந்தக் குட்டைக் கால்களில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று படைத்தவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். பரிசாரகப் பெண் கத்தினாள், தட்டு சாய்ந்தது, முள்ளங்கிகள் நாலு பக்கமும் உருண்டன. லெஸ்டர் கயிற்றை எட்டிப் பிடித்தார். கிடைத்தது கயிறு இல்லை, பக்கத்து மேசையின் விரிப்பு. வறுத்த மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாமே தரைக்கு வந்து சேர்ந்தன.

ஈரல் கிண்ணத்தைக் கவ்விக்கொண்டு ஃபிரிட்ஸ் ஒளிந்துகொள்ள இடம் தேடினான். ஹார்லனின் மேசைக்கு அடியில் புகுந்தான். அங்கே ஏற்கெனவே ஒரு நாய் இருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு வந்ததே கோபம்! கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, கறுப்பு நாயின் மூக்குக்கு நேராக நின்று குரைத்தான். ஈரல் தெறிக்கத் தெறிக்கக் குரைத்தான்.

கறுப்பு நாய் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தரையில் கிடந்த மீனையும் பார்க்கவில்லை. திடீரென்று எழுந்தது. ஃபிரிட்ஸைத் தாண்டியது. ஹார்லன் பிடித்திருந்த கயிற்றையும் இழுத்துக்கொண்டு டோரீனிடம் போய், மூக்கால் அவள் கையை முட்டியது. அவள் லெஸ்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. மறுபடி முட்டியது. முன்னங்காலைத் தூக்கி அவள் தொடையில் வைத்தது.

லெஸ்டர் விரிப்பின் மேல் மண்டி போட்டிருந்தார். முழங்கையில் முட்டைக்கோஸ். ஆனாலும் அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! இதுவா பழக்குன நாய்? எசமானை விட்டுட்டு வந்து பொம்பள மேல காலைப் போடுது! ஏன் டோரீன், என்னைக் கேட்ட ரெண்டு கேள்வியை அவன்கிட்ட ஏன் கேக்கல? என்னைன்னா கேக்கத் தெரியுது, அவன்னா வாய் வரலையா? என்ன உறவு உங்களுக்குள்ள?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு உரக்கச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

டோரீன் வெளுத்துப்போயிருந்தாள். நெற்றியில் வேர்வை. "அந்த நாயைப் பத்தி நான் யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல," என்றாள். குரலே எழும்பவில்லை. சுவரைப் பிடித்தபடி பின்னறைப் பக்கம் நடந்தாள். கறுப்பு நாய் அவள் காலோடு ஒட்டிக்கொண்டு போனது. ஹார்லன் எழுந்தார், மதுக்கூடத்தில் எட்டி ஒரு ஆரஞ்சுச் சாறு வாங்கினார், அவரும் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சாத்தின கதவையே லெஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அழுகிறாளோ? அவன் தோளில் சாய்ந்துகொண்டா? தான் ஒரு கிளாஸ் தண்ணீர்கூட அவளுக்கு எடுத்துக் கொடுத்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஹார்லனைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, ஹார்லனாக ஆகிவிட வேண்டும் போலவும் இருந்தது.

கஸ் வந்து ஒரு கையில் ஃபிரிட்ஸையும் இன்னொரு கையில் லெஸ்டரின் முழங்கையையும் பிடித்தான்.

"கிளம்புங்கண்ணே. அடக்க முடியாத நாயை வெளிய அனுப்பச் சட்டத்துல இடம் இருக்கு."

"போறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்களா?"

"யாரு?"

"டோரீனும் அவனும்தான். நாயைக் காட்டியே மடக்கிட்டான் பாத்தியா? போலி நாயை வச்சிக்கிட்டு!"

வாசலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கஸ் சிவப்புக் கோட்டை உதறி லெஸ்டரின் தோளில் போட்டான். கசங்கிய சான்றிதழை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தான். ஃபிரிட்ஸ் அவன் விரலில் ஈரல் இருக்கிறதா என்று நக்கிப் பார்த்தான்.

"ஏன்டா பேசாம நிக்கிற? சொல்லுடா!"

கஸ் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"யாருக்கும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு, ஆனா உங்க கூத்தைப் பாத்த பிறகு சொல்லாம முடியல: அது டோரீனோட நாய்ண்ணே, உடம்புல சர்க்கரை இறங்கினா மோந்து பாத்து அவளை உஷார் பண்ணும், அவ தட்டைத் தூக்கிட்டு ஓடுற நேரத்துல பக்கத்துல உக்காந்து கயிறு பிடிக்க, நடுவுல அதை வெளிய நடத்திட்டு வர, நம்பிக்கையான ஆளு வேணும்னுதான் ஹார்லன் உக்காந்திருந்தாரு, அவரு திங்கக்கிழமை குளிருக்குப் பயந்து அரிசோனா போறாரு, இனிமே வெள்ளிக்கிழமையெல்லாம் அந்த இடத்துல உக்கார, ஒரு வாரமும் தவறாம வர்ற உங்களைக் கேக்கணும்னு இன்னிக்கு சாயந்தரம் பூரா அவ வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."